எலிக்குக் கேட்ட மருந்து தம்பிக்குக் கேட்குமா?

கேள்வி: நாங்கள் ஆரியங்காவில் இருக்கிறோம். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் ஆகிறது. செங்கோட்டை மாமா கீழாநெல்லியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மோரில் அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு மூலிகைச் சாறு எலிகளின் ஈரல் கேட்டைச் சரிசெய்ததாக பேப்பரிலும் படித்தேன். அதையும் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பேப்பரில் படித்ததைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தச் சோதனைகளில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கரைப்பானைக் கொடுத்தோ, பாராசிட்டமாலை அளவுக்கு மீறிக் கொடுத்தோ எலியின் ஈரலை வேண்டுமென்றே கெடுப்பார்கள். ஈரல் செல் உடைந்தால் உள்ளே இருக்கும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற நொதிகள் ரத்தத்தில் ஏறும். சாறு குடித்த எலிக்கு அந்த ஏற்றம் குறைவாக இருந்தால் 'ஈரலைக் காக்கிறது' என்று எழுதுவார்கள். ஆனால் பல ஆய்வுகளில் விஷத்துக்குப் பல நாள் முன்பிருந்தே சாற்றைக் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று, கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே ஈரலைக் கெடுப்பதில்லை, ஈரலில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்த பிறகுதான் அது கொடியதாகிறது. சாறு அந்த நொதியை அடக்கிவிட்டாலே எலி தப்பித்துவிடும், கெட்ட ஈரல் குணமானதாக அதற்கு அர்த்தமில்லை. உங்கள் தம்பிக்கோ ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கிறது, அதுவும் அநேகமாக வைரஸால். அதனால் இப்படிச் செய்தி வந்தால் சாற்றை எப்போது கொடுத்தார்கள், முன்பா பின்பா என்று முதலில் தேடுங்கள்.

மூலிகையைத் தள்ளிவைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகும்போது பாலோடு வரும். அங்கே உள்ள தாவரவியல் பூங்காவில்தான், அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியை ஆராய்ந்து ஜீவனி என்ற தெம்பு மருந்தைச் செய்தார்கள். அந்தச் செடியைப் பாராசிட்டமால் கொடுத்த எலிகளிலும் சோதித்திருக்கிறார்கள். காட்டில் வாழ்கிறவர்களின் அறிவு பெரிய விஷயம், அதனாலேயே அதை அரைகுறையாகச் சோதித்துவிட்டு விற்கக் கூடாது என்கிறேன்.

மாமாவின் கீழாநெல்லிக்கு வருகிறேன். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, அந்தக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால் தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சரி, ஊரில் கீழாநெல்லி குடித்தவர்கள் எல்லாம் தேறிவிட்டார்களே என்பீர்கள். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும், பேர் மருந்துக்குப் போய்விடும்.

எல்லாப் பச்சிலையும் சாதுவும் இல்லை. கொரோனா சமயத்தில் சீந்தில், அதாவது உங்கள் பக்கத்துச் சிற்றமிர்து, குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியதை மும்பை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி), எஸ்ஜிபிடி, ரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ எல்லாம் பார்த்துவிடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் இருந்தால், ரப்பர் தோட்டத்து ஈரத்தில் நடந்திருந்தால், எலிக்காய்ச்சலா (லெப்டோஸ்பைரோசிஸ்) என்று டாக்டரிடம் கேளுங்கள். அதிலும் கண் மஞ்சளாகும், அதற்கு ஆன்டிபயாடிக் தாமதிக்கவே கூடாது. கீழாநெல்லி கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாராயம் கூடாது, பாராசிட்டமாலை நீங்களாகவே கொடுக்காதீர்கள். பேச்சு தடுமாறினாலோ, பகலிலும் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, காலையில் போகலாம் என்று இருக்காமல் ராத்திரியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.