ஹேக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்

அன்புள்ள ஐயா,

சட்டம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞராக வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் சொன்னபோது, “ஊரைக் கொளுத்தினவனுக்கு வக்காலத்து வாங்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்றார் அப்பா. ஈழத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் அந்தப் பக்கம் நிற்க எப்படி மனம் வருகிறது என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வழக்கறிஞர்கள் அங்கே உண்மையில் செய்வதென்ன? இந்தியாவிலிருந்து ஒருவர் அங்கே போக முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவை

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே என்பது. சரியான பதில்தான், ஆனால் அதைச் சொல்லி எந்தத் தகப்பனையும் சமாதானப்படுத்திவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஒரு வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. அங்கே முதன்முதலாக முழு விசாரணையை எதிர்கொண்டவர் துஷ்கோ தாதிச் என்ற போஸ்னிய செர்பியர். 1994 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கைதான அவர் மீது, ஒமார்ஸ்கா முதலிய தடுப்பு முகாம்களில் கைதிகளைச் சித்திரவதை செய்ததாகவும் கொன்றதாகவும் குற்றச்சாட்டுகள் இருந்தன. 1996 மே மாதம் விசாரணை தொடங்கியபோது அவருக்காக டச்சு வழக்கறிஞர்களான மிகைல் விளாதிமிரோஃப், அல்ஃபோன்ஸ் ஓரி ஆகியோரும், ஸ்டீவன் கே என்ற ஆங்கிலேய பாரிஸ்டரும் ஆஜரானார்கள்.

அந்த விசாரணையில் ‘எல்’ என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு சாட்சி வந்தார். போஸ்னிய அரசின் காவலில் இருந்து அழைத்து வரப்பட்டவர். தாதிச் பாலியல் வன்முறை செய்ததையும் கொலை செய்ததையும் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். தன் தந்தை இறந்துவிட்டார் என்றும் சொல்லியிருந்தார். தாதிச்சின் வழக்கறிஞர்கள் அந்தச் சிறு விவரத்தை விடாமல் பற்றிக்கொண்டு விசாரித்துப் போனார்கள். தந்தை உயிரோடு இருந்தார். அவரை ஹேக்குக்கே அழைத்து வந்து மகனுக்கு முன்னால் நிறுத்தியதும் பொய் உடைந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று போஸ்னியத் தலைநகர் சாரயேவோவில் தனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார் சாட்சி. 1996 அக்டோபரில், இவரை இனி உண்மை பேசும் சாட்சியாக முன்னிறுத்த முடியாது என்று வழக்குத்தொடுநர் தரப்பே நீதிபதிகளிடம் சொல்ல நேர்ந்தது.

தாதிச் தப்பிவிடவில்லை. மற்ற சாட்சிகளின் வலுவில் 1997 மே மாதம் பல குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு இறுதியாக 20 ஆண்டுச் சிறை. அந்தப் பொய்ச் சாட்சி சிக்காமல் போயிருந்து, தண்டனைக்குப் பிறகு அந்தத் தந்தை எங்கேனும் ஒரு கிராமத்தில் செய்தியாளர் கண்ணில் பட்டிருந்தால், ஒமார்ஸ்காவில் உண்மையாகவே அடிபட்டவர்களின் வாக்குமூலங்களும் சேர்ந்தல்லவா சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும்! அந்த ஆபத்தை நீக்கியவர்கள் தாதிச்சின் வழக்கறிஞர்கள்.

உங்கள் தோழிகள் ஈழத்தைச் சொல்கிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஆயினும் என்றேனும் ஒரு நாள் முள்ளிவாய்க்காலுக்காக அப்படி ஒரு விசாரணை நடக்குமானால், கூண்டில் நிற்பவருக்கு எப்படிப்பட்ட வழக்கறிஞர் அமைய வேண்டும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மிகத் திறமையானவர் அமைய வேண்டும் என்றே நான் சொல்வேன். அரைகுறையான ஒருவரை நிறுத்திப் பெற்ற தீர்ப்பைப் பழிவாங்கல் என்று சொல்லி ஒதுக்கக் கொழும்பில் ஆள் தேட வேண்டியிராது.

இன்னொன்று. இந்த வழக்குகளில் குற்றம் நடந்ததா என்பது பெரும்பாலும் சர்ச்சையே இல்லை. உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லர் மீது சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் ஹேக்கில் நடத்திய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாடான சியரா லியோனில் கைகால்கள் வெட்டப்பட்டதையும், சிறுவர்களிடம் துப்பாக்கி கொடுக்கப்பட்டதையும், பெண்கள் சீரழிக்கப்பட்டதையும் அவர் தரப்பு மறுக்கவில்லை. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் ஆட்சி செய்த ஒருவருக்கும் அந்தக் கொடுமைகளுக்கும் தொடர்பு என்ன, அதற்குச் சான்று எது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

அந்த வழக்கு தொடங்கிய விதமே விநோதமானது. 2007 ஜூன் 4 அன்று டெய்லர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தயாராவதற்குப் போதிய நேரமும் வசதியும் தரப்படவில்லை என்பது அவரது புகார். அவருடைய வழக்கறிஞர் கரீம் கான், கட்சிக்காரர் தன்னை விலக்கிவிட்டார் என்று அறிவித்து, இருக்கும்படி நீதிபதி சொல்லியும் எழுந்து வெளியேறினார். பிறகு வழக்குச் செலவுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கப்பட்டது. புதிய வழக்கறிஞராக கோர்ட்னி கிரிஃபித்ஸ் வந்தார். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வளர்ந்தவர், லண்டனில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக்குழுவின் குண்டுவெடிப்பு வழக்குகளில் வாதாடிப் பெயர் பெற்றவர். 2008 ஜனவரியில் சாட்சி விசாரணை தொடங்கியது. 2010 ஆகஸ்டில் மாடல் நவோமி கேம்ப்பெல், டெய்லர் தனக்குக் கொடுத்தனுப்பியதாகச் சொல்லப்பட்ட வைரக் கற்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த அன்று உலகப் பத்திரிகைகளெல்லாம் அங்கே திரண்டன; வழக்கின் கனம் அந்த வைரக் கற்களில் இல்லை என்பது என் எண்ணம். டெய்லர் தாமே கூண்டேறிப் பல மாதங்கள் சாட்சியம் அளித்ததும், அதன் மீதான குறுக்கு விசாரணையும்தான் படிக்க வேண்டியவை. 2011 பிப்ரவரியில், தாமதமாக வந்தது என்று இறுதி வாதுரையை நீதிபதிகள் ஏற்க மறுத்தபோது கிரிஃபித்ஸும் வெளிநடப்புச் செய்தார். அடுத்த மாதமே மேல்முறையீட்டு அமர்வு அதை ஏற்கும்படி உத்தரவிட்டது.

2012 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சியரா லியோனின் கிளர்ச்சிப் படைகள் டெய்லரின் கட்டளைக்குக் கீழ் இயங்கின என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. உதவினார், தூண்டினார், சில தாக்குதல்களைத் திட்டமிடுவதில் பங்கெடுத்தார் என்பவை நிரூபணமாயின. வழக்குத்தொடுநர் 80 ஆண்டு கேட்டார், 50 ஆண்டு கிடைத்தது. வழக்கில் தோற்ற கிரிஃபித்ஸின் உழைப்பை நான் அந்தப் பகுத்தறிதலில் காண்கிறேன்.

தொழிலின் இருட்டான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காங்கோ அரசியல்வாதி ஜான் பியர் பெம்பாவின் தலைமை வழக்கறிஞராக இருந்த எமே கிலோலோ, சாட்சிகளுக்குப் பணமும் பாடமும் கொடுத்ததாக 2013இல் கைதாகி, 2016இல் அவர் வாதாடிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தாலேயே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். கொடுமை இதில்தான்: பெம்பாவின் மூல வழக்கில் 2018இல் மேல்முறையீட்டிலேயே விடுதலை கிடைத்தது. சாட்சிகள் தொலைதூரக் கிராமங்களில் ஏழைகளாக இருக்கும்போது, பயணப்படிக்கும் லஞ்சத்துக்கும் இடையில் உள்ள கோட்டைத் தாண்டுவது எளிது. கட்சிக்காரர் செல்வாக்கு மிக்கவராக இருந்தால் இன்னும் எளிது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் பட்டியலில் சேர, நாடு உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. குற்றவியல் வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் சரளமும் கேட்கிறார்கள். உதவி வழக்கறிஞருக்கு 5 ஆண்டு போதும். ஒரு தரப்பில் தொடங்கியவர் அங்கேயே முடிய வேண்டும் என்றும் இல்லை. தாதிச்சுக்காக வாதாடிய ஓரி பின்னாளில் அதே தீர்ப்பாயத்தின் நீதிபதியாகி, போஸ்னிய செர்பியத் தளபதி ராத்கோ ம்லாதிச் வழக்குக்குத் தலைமை தாங்கினார். கரீம் கான் 2021இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநராகவே பொறுப்பேற்றார்.

உங்கள் ஊர்ச் செய்தி ஒன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். கோவையில் வழக்கறிஞர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டபோது, குற்றம்சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில பக்கங்களே கொண்ட தீர்ப்பு, அவரே படிக்கலாம்.

படிப்பு முடிந்ததும் ஹேக்குக்கு விண்ணப்பம் போடுவதில் காலத்தைக் கழிக்காமல், செஷன்ஸ் நீதிமன்றத்தில் கொலை வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேருங்கள். உடற்கூராய்வு அறிக்கையை வரிவரியாகப் படிக்கவும், சாட்சி போலீசாரிடம் சொன்னதையும் கூண்டில் சொல்வதையும் ஒப்பிட்டு முரணைப் பிடிக்கவும் அங்கேதான் பழக முடியும். ஆப்பிரிக்க நாட்டு வழக்குகள் பலவற்றில் ஆவணங்கள் பிரெஞ்சில் இருப்பதால், அந்த வகுப்பில் மட்டும் இந்த ஆண்டே சேர்ந்துவிடுங்கள்.