கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் பிரகாசிப்பது தன் கிங் கிரிம்சன் குழுவிலா, மற்றவர்களோடு சேரும்போதா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: என் ஓட்டு கூட்டணிக்குத்தான். 1973இல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவோடு செய்த இசையைக் கேளுங்கள். இரண்டு டேப் ரெக்கார்டர்கள், நடுவே ஒரே நாடா. முதலாவது பதிந்ததை இரண்டாவது சில நொடி கழித்து ஒலித்து, திரும்ப முதலாவதுக்கே அனுப்பும். ஒற்றைக் கிட்டார் அலை அலையாய்ப் பெருகும். புறக்கோட்டையில் வாங்கிய பிரதி கசெட்டில் முதலில் கேட்டபோது, நாடா சிக்கிவிட்டதென்று பென்சிலை விட்டுச் சுற்றினேன்! அப்புறம் 1977, பாடகர் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டு. ஒலிபெருக்கிச் சத்தம் கிட்டார் கம்பிகளைத் திரும்ப அதிரவைத்து ஒலி நீளும்; நிற்கும் தூரம் மாறினால் சுரமும் மாறும். எந்தச் சுரத்துக்கு ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று ஃபிரிப் தரையில் அடையாளம் வைத்து வாசித்தாராம். கிரிம்சன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். சரி, காலிமுகத்திடலுக்கு வாருங்கள், இறால் வடை என் செலவு.