அம்மாவின் சங்கிலியை வைத்துக் கிட்டார் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. திருத்துறைப்பூண்டியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 17,000 ரூபாய். வீட்டுக்கு மாதம் 8,000 கொடுக்கிறேன். அப்பா இரண்டு ஏக்கரில் சம்பா போடுகிறார். ஞாயிறு அன்று தேவாலயத்திலும், கூப்பிடும் நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். குழுவில் ஒரு புரோகிராமுக்கு 1,500 கிடைக்கும். போன வருடம் 30 புரோகிராம், அதில் 24 தையிலிருந்து ஆனிக்குள். இப்போதுள்ள கிட்டார் ஆறு வருடத்துக்கு முன் 7,500க்கு வாங்கியது. இரண்டு பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. மேடையில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் வேறு. மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று 84,000க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். வட்டியில்லாத் தவணையில் மாதம் 7,000 வீதம் 12 மாதம் கட்டலாமாம். இல்லையென்றால் தன் இரண்டு பவுன் சங்கிலியை வைத்துத் தருகிறேன் என்கிறார் அம்மா. நண்பர் ஒருவரோ 32,000க்கு யமஹா பசிபிகா 112 போதும் என்கிறார். சேமிப்பில் 26,000 இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, சங்கிலியை முதலில் பேசிவிடுவோம். அது வேண்டாம்.

நம் பக்கத்தில் நகை எதற்கு அடகுக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். நடவுக்கு, உரத்துக்கு, களை எடுக்க. தை, மாசியில் அறுத்து நெல் போட்ட காசு வந்ததும் திருப்புவார்கள். இப்போது ஐப்பசி. பயிர் வயலில் நிற்கிறது, மழை இனிமேல்தான் முழுசாக இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் உங்கள் பக்கத்தை என்ன செய்துவிட்டுப் போனது என்பதை நீங்கள் நேரில் பார்த்தவர். அப்படி ஒரு இரவு விடிந்தால், வங்கிக்கு எடுத்துப் போக உங்கள் வீட்டில் கையில் இருக்கும் பொருள் அந்தச் சங்கிலிதான். அம்மா ஆசையாகத் தருவார். நீங்கள் வாங்காமல் இருக்க வேண்டும்.

அடுத்து தவணை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. வட்டி எங்கேயாவது ஒளிந்திருக்கும். பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருக்கும் தொகையில்தான் இருக்கும். கடையில் போய், "மொத்தமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். 79,000 என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 5,000தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீதம் வரும். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனி.

ஆனால் எனக்கு வட்டியைவிடப் பெரிய கவலை மாதக் கணக்கு. சம்பளத்தில் 8,000 வீட்டுக்குப் போனால் மீதி 9,000. அதில் 7,000 தவணை என்றால் பெட்ரோல், சாப்பாடு, போன் ரீசார்ஜ் எல்லாம் 2,000 ரூபாயில். புரோகிராம் காசு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் தையிலிருந்து ஆனி வரைக்கும்தான். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை, நடுவில் மழை. தவணை அந்த மாதங்களிலும் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். இரண்டு தவணை தவறினால் அபராதம் ஒரு பக்கம், சிபில் மதிப்பெண் இன்னொரு பக்கம். நாளைக்குச் சொந்தமாகக் கடை வைக்கக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும்.

சரி, இப்போது கிட்டாருக்கு வருவோம். நீங்கள் சொல்லும் இரண்டு குறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 84,000 கொடுத்தாலும் அதில் ஒன்று தீராது.

சுருதி இறங்குவதற்குக் கிட்டாரின் விலை மட்டும் காரணமில்லை. கம்பி எத்தனை மாதம் பழசு? புதுக் கம்பி போட்டதும் நன்றாக இழுத்து விட்டீர்களா? தலைப்பக்கம் கம்பி படுத்திருக்கும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கினால், வளைத்து வாசித்த பிறகு அது பழைய இடத்துக்குத் திரும்பாது. அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்து விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கழுத்து மரமும் ஐப்பசி ஈரத்தில் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் ஒரு மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியே வைத்திருக்கிறார்கள்.

என் அத்தை தஞ்சாவூரில் வீணை வாசிப்பார். விரல் வைத்து அழுத்தும் அதன் மெட்டுகள் (கிட்டாரில் ஃப்ரெட் என்பது) மெழுகில்தான் பதிந்திருக்கும். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் சுருதி பேதகமாகும். அதற்காக யாரும் வீணையை மாற்றுவதில்லை. மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளைப் பதிக்கிறவரைக் கூப்பிட்டுத் திரும்பக் கட்டுவார்கள். கிட்டாருக்கு அந்த வேலையின் பெயர் செட்-அப். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் கம்பியோடு சேர்த்து ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரத்தில் முடியும். இதை முதலில் செய்யுங்கள்.

இரைச்சல் விஷயம் வேறு. கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்-அப்பில் இரண்டு வகை உண்டு. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில், பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்துப் பிடித்துவிடும். நம் திருவிழா மேடைகளைச் சொல்லவே வேண்டாம்: பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் லைட், எர்த் சரியில்லாத ஒயர். ஹம்பக்கர் என்பது எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு சுருள். ஒன்று பிடித்த முனகலை மற்றொன்று அழித்துவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்ததிலிருந்து அதன் வழக்கமான அமைப்பு மூன்று சிங்கிள் காயில்தான். நீங்கள் பார்த்து வைத்ததும் அந்த வகை என்றால், கடனை அடைத்துக்கொண்டே அதே 'உம்ம்' சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, இது பணத்தைப் பற்றியது இல்லை. கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தால் அந்த மேடையில் எர்த் இல்லை என்று அர்த்தம். எந்தக் கிட்டாரும் அதற்கு மருந்தில்லை. சவுண்ட் சர்வீஸ்காரரைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வாசியுங்கள்; கூச்சப்படாதீர்கள்.

ஆகவே உங்கள் நண்பர் சொன்னதுதான் என் கருத்தும். பசிபிகா வரிசையை யமஹா 1990இல் கொண்டுவந்தது. 112இல் பாலம் (கீழே கம்பி படுத்திருக்கும் பிரிட்ஜ்) பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். 112V என்ற வகையில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரும் ஒற்றைச் சுருளாக மாறும். ஆட்டப்பாட்டுக்கு ஒன்று, மெலடிக்கு ஒன்று என்று ஒரே கிட்டாரில் ஒப்பேற்ற வேண்டிய குழுக் கலைஞனுக்கு இது மிகவும் உதவும். ஃபெண்டர் பெயர்தான் மனதில் நிற்கிறது என்றால் அவர்களுடைய மலிவு வரிசையான ஸ்கொயரையும், கிப்ஸன் பக்கம் எபிஃபோனையும் வாசித்துப் பாருங்கள். வாசிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

பணத்துக்கு வழி இப்படி. கிட்டார் 32,000, நல்ல பை, கேபிள், செட்-அப்புக்கு 4,000. ஆக 36,000. புரோகிராமுக்கு வாங்கும் 1,500இல் பாதியை அன்று இரவே தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். தையிலிருந்து ஆனிக்குள் 24 புரோகிராம் வந்தால் 18,000. சம்பளத்தில் மாதம் 1,000 வீதம் எட்டு மாதம், 8,000. கையிருப்பிலிருந்து 10,000 மட்டும் எடுங்கள். மீதி 16,000 இரண்டு மாத வீட்டுப் பணம். வேலைக்கு ஏதாவது ஆனால் அது வேண்டும். புரோகிராம் குறைந்துபோனால் கூட இரண்டு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் யாராவது பழைய பசிபிகா விற்றால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் நேரில் போய். தலைப்பக்கத்திலிருந்து கண்ணை வைத்துக் கழுத்து திருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி வாசியுங்கள், எங்கேயும் கரகரக்கக் கூடாது. பன்னிரண்டாம் மெட்டின் மேல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே ஸ்வரத்தில் இருக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது பொரபொரவென்றால் அது சின்ன வேலை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். கழுத்து திருகலுக்கு மட்டும் எந்த விலைக்கும் சம்மதிக்காதீர்கள்.

பழைய கிட்டாரை விற்க வேண்டாம். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. பாட்டு நடுவில் கம்பி அறுந்தால் எடுத்து மாட்ட மேடையில் இன்னொன்று இருப்பது நல்லது.

ஃபெண்டர் ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. அருமையான வாத்தியம். வருடத்துக்குப் புரோகிராம் காசு மட்டும் ஒரு லட்சத்தைத் தொடும்போது, அந்தக் காசிலேயே வாங்குங்கள். இப்போதைக்கு அம்மாவிடம் சங்கிலியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த வாரமே கம்பி மாற்றி செட்-அப் செய்து ஒரு புரோகிராம் வாசியுங்கள். மூன்றாவது பாட்டிலும் சுருதி நின்றதா என்று எனக்கு எழுதுங்கள்.