பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள்

மகள் எலக்ட்ரிக்கல் படிக்கிறேன் என்கிறாள், பெரியப்பாவும் மாமாவும் கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், நடுவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறதம்மா. ஆனால் ஆறுதல் மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவளுக்கு மனசே ஒட்டாத படிப்புக்குக் கடன் வாங்கிச் சேர்ப்பது தவறு. அந்தக் கடனை மாமா அடைக்கப் போவதில்லை, அடைக்கப் போவது நீங்களும் அவளும்தான்.

எலக்ட்ரிக்கல் என்றால் வயர் இழுக்கிற வேலை என்கிறார்களாம். சோலார் பேனலும் பேட்டரியும் உள்ள வீட்டில் சுவரில் இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி மாட்டியிருக்குமே, அதற்குள் நடப்பதைக் கொஞ்சம் கேளுங்கள். பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், அதுவும் நிலையாக இருக்காது. மேகம் மறைத்தால் கரண்ட் சரியும், பேனல் சூடேறினால் வோல்டேஜ் இறங்கும். எந்த வோல்டேஜில் இழுத்தால் இந்த நொடிக்கு அதிக பவர் வரும் என்று கன்வர்ட்டர், அதாவது வோல்டேஜை மாற்றித் தரும் சர்க்யூட், விடாமல் தேடிக்கொண்டே இருக்க வேண்டும், இதைத்தான் எம்பிபிடி என்கிறார்கள். பேட்டரிப் பக்கம் இருக்கிற கன்வர்ட்டர் இருவழி, பகலில் சார்ஜ் ஏற்றி இரவில் திருப்பித் தரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் ஒரு செல் 3.2 வோல்ட், 16 செல்லை வரிசையாகச் சேர்த்தால் 51.2 வோல்ட். ஆனால் வீட்டுக்கு வேண்டியது திசை மாறி மாறி ஓடும் ஏசி, அந்த 230 வோல்ட் அலையின் உச்சம் 325 வோல்ட், அதனால் பேட்டரியின் வோல்டேஜை அதற்கும் மேலே, 400 வாக்கில் ஏற்றி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஸ்விட்ச் செய்து அலையாக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் வேலையைச் செய்யும் பாகம் மாஸ்ஃபெட்; மேலும் கீழுமாக உள்ள இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே சமயத்தில் ஆன் ஆனால் நேரடி ஷார்ட், இரண்டும் போச்சு. அதைத் தடுக்க நடுவில் இரண்டையும் ஆஃபில் விடுகிற டெட் டைம் ஒரு மைக்ரோ நொடியோ அதற்கும் குறைவோதான். அப்புறம், வெளி லைனில் கரண்ட் போனால் பெட்டி உடனே அதிலிருந்து விலக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் ஆட்டிவைக்கும் புரோகிராமையும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்? கோடிங் தெரியாமல் போய்விடுவாள் என்ற கவலையை விடுங்கள்.

கெட்டுப்போன இன்வெர்ட்டரைத் திறந்து, உப்பிப்போன கெப்பாசிட்டரை, அதாவது சார்ஜைச் சேர்த்து வைக்கும் பாகத்தை, அவளே கண்டுபிடித்தாள் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அந்த வகை கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன், 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், ஏன் என்று அவளையே தேடச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றில் கறாராக இருங்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கணக்கு வரவில்லை என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பெட்டியைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தரும் கன்ட்ரோல் பாடம் முழுக்கக் கணக்குதான். வரும் என்றால், கட்டணம் கடனில்லாமல் கட்ட முடிகிற கல்லூரியாகப் பார்த்து அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடத்தைச் சுற்றிக் காட்டினால் போதாது, பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபைத் திறக்கச் சொல்லுங்கள், மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வேலை செய்கிறதா, மாணவர்களே சர்க்யூட் போர்டு வடிவமைத்து சால்டர் செய்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவளே கேட்கட்டும்.