சுத்தியலும் பெருமையும்

“ஐயா, என் மகன் அட்லாண்டாவில் வேலை பார்க்கிறான். நள்ளிரவுவரை உழைக்கிற பிள்ளை. ‘நீ எங்கள் ஜான் ஹென்றி’ என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினாராம். தேடிப் பார்த்தேன், எந்திரத்தையே தோற்கடித்த தொழிலாளியாம். பெருமையாக இருந்தது. பால் பன்யன், ஜானி ஆப்பிள்சீட் என்றும் அங்கே பேச்சில் வருகிறதாம். இவர்களெல்லாம் யார்?” — கோ., தஞ்சாவூர்

அன்புள்ள கோ.,

பால் பன்யன் மரவெட்டிகள் கதையில் வரும் ராட்சதன். 1914இல் ஒரு மரக் கம்பெனி விளம்பரப் புத்தகம் போட்டு அவனை நாடெங்கும் பரப்பியது. ஜானி ஆப்பிள்சீட் நிஜ மனிதர். ஜான் சாப்மன் என்று பெயர், ஆப்பிள் நாற்றங்கால் போட்டவர். ஒன்றை ஊர் ஊராகப் பரப்புகிறவரை அவர் பெயரால் அழைப்பார்கள். சரி, இவர்களை விடுங்கள்.

‘பெருமையாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் கதையில் ஏன் நிறுத்தினீர்கள்? கதைப்படி, பாறையில் துளை போடும் போட்டியில் ஜான் ஹென்றி நீராவித் துளைப்பானை ஜெயித்தான்; ஜெயித்த கையோடு, சுத்தியலைப் பிடித்தபடியே செத்தான். 1870களின் தொடக்கத்தில் செசபீக் அண்ட் ஓஹையோ ரயில்பாதைக்காக மலையைக் குடைந்த கறுப்பினத் தொழிலாளி அவன் என்பார்கள். வர்ஜீனியா சிறைக் கைதிகளை வாடகைக்கு எடுத்து அந்தப் பாதையில் வேலை வாங்கினார்கள். அவனும் அப்படி வந்தவனே என்கிறார் வரலாற்றாசிரியர் ஸ்காட் நெல்சன். அந்தக் கைதிகளில் பலரைப் பாறைத் தூசி நுரையீரலில் புகுந்து கொன்றது. பின்னால் சுத்தியல் பிடித்தவர்கள் ‘அவனைப் போல உழை’ என்று பாடவில்லை. அவனைக் கொன்ற சுத்தியல் என்னைக் கொல்லாது என்று பாடினார்கள். அடிக்கு அடி நிதானமாக, மூச்சு வாங்க இடம் விட்டுப் பாடினார்கள். அவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்த பெயரைத்தான் உங்கள் மகனுக்குப் பாராட்டாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சில காலமாகவே நினைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற கறுப்பின விவசாயி இருந்தார். குத்தகைக் கடனிலிருந்து மீண்டு நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் சேர்த்தார். ஐம்பதுகளில் ரத்த அழுத்தம், மூட்டுவலி, வயிற்றுப்புண். அவரைச் சந்தித்த ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், வசதியில்லாத நிலையிலும் உடம்பை வருத்தி விடாமல் போராடும் இந்தப் போக்குக்கு ‘ஜான் ஹென்றியிசம்’ என்றே பெயர் வைத்தார். இன்று அது மருத்துவ ஆய்வுகளில் புழங்கும் சொல்.

மேலாளர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். நீங்கள் அப்பா. நள்ளிரவுவரை உழைக்கிறான் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, எப்போது தூங்குகிறான் என்று கேட்கத் தோன்றவில்லையா? இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.