இது வேற பராபரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் மத நல்லிணக்கக் கூட்டத்தில் சூஃபி ஞானிகள், சைவ ஞானிகள் பற்றிப் பத்து நிமிடம் பேசக் கேட்டிருக்கிறார்கள். எல்லா ஞானிகளும் சொன்னது ஒன்றுதான் என்று காட்டும் ஐந்து மேற்கோள்கள் தருவீர்களா? ரூமியின் வரி ஒன்றையும் பாவா முகையதீனின் வரி ஒன்றையும் நானே எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஞானிகளின் அற்புதங்களை நீங்கள் நம்புகிறீர்களா? குணங்குடி மஸ்தான் சாகிபு உண்மையில் இந்துச் சித்தர்தான் என்று முகநூலில் ஒருவர் எழுதியிருந்தார். அது சரியா?

(பெயர் வேண்டாம்)

தம்பி,

ஐந்து மேற்கோளில் ஒன்றுகூடத் தரமாட்டேன். கோபிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் ஐந்து என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். அதிலும் பாதி மைக்கைத் தட்டிப் பார்ப்பதிலும் பிரமுகர்களை விளிப்பதிலும் போய்விடும். உம்முடைய கடிதம் வந்த கிழமை நானும் குணங்குடியாரைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கும்.

அற்புதங்களை விடும். தண்ணீரில் நடந்தாரா, ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் தெரிந்தாரா என்பதெல்லாம் பாட்டு விளங்காதவனுக்குக் கொடுக்கும் கற்கண்டு. ரூமியையும் விடும். அவர் பாரசீக மொழியில் எழுதி 1273இல் கொன்யாவில் மறைந்தவர். அவருடைய மஸ்னவி என்ற பெருநூல் ஆறு பாகம், ஏறத்தாழ 25,000 ஈரடிகள். இனி யாராவது ரூமி வரி என்று ஒன்றை உமக்கு அனுப்பினால், எந்தப் பாகம் என்று ஒரு கேள்வி கேளும். பிறகு அவர் காலை வணக்கம்கூட அனுப்பமாட்டார்.

ஆனால் பாவா முகையதீன் விஷயத்தில் உம்மைச் சும்மா விட முடியாது. அவர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து, 1971இல் அமெரிக்கா போய், 1986இல் பிலடெல்பியாவில் மறைந்தவர். எழுதப் படிக்காதவர். பேசியதும் பாடியதும் தமிழில். அங்கே இருந்தவர்கள் பக்கத்தில் ஒரு தமிழரை வைத்து ஆங்கிலமாக்கிப் புத்தகம் போட்டார்கள். நீர் அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி, "அன்பானது இதயத்தின் கதவைத் திறக்கின்ற ஒன்றாக இருக்கிறது" என்று எனக்கு அனுப்பியிருக்கிறீர். எங்களோடு கதைத்த தமிழில் சொன்ன மனிதரைக் கடல் கடத்திக் கொண்டுபோய், தலையை வழித்து, கோட்டுப் போட்டுத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறீர். இது நியாயமா?

இனி முகநூல்காரர். குணங்குடியார் "உண்மையில்" இந்துச் சித்தராம். இந்த "உண்மையில்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பல் கூசும். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பேர் சுல்தான் அப்துல் காதிர். மாமன் மகளைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். வீட்டைவிட்டுப் போய்விட்டார். காடும் மலையும் திரிந்து, கடைசியில் சென்னை இராயபுரத்தில் இருந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கேயே அடங்கினார். தொண்டியார் இருந்த இடம்தான் தண்டையார்பேட்டை ஆனது என்பார்கள். பக்தாதில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி முகியித்தீன் ஆண்டகை மேல் சதகம் பாடியவர் அவர். அதே கையால் அகத்தீசன் சதகமும் நந்தீசுவரக் கண்ணியும் பாடியிருக்கிறார். அவரைச் சித்தராக்க விரும்புகிறவர் முதல் நூலைக் கிழித்தெறிய வேண்டும். அவரைக் கழுவித் துடைத்து வைக்க விரும்புகிறவர் மற்ற இரண்டையும் ஒளிக்க வேண்டும். அகத்தீசன் என்றால் அகத்தியர் அல்ல, அகத்து ஈசன், உள்ளே இருக்கும் இறைவன் என்று பிரித்துப் பொருள் சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற சொல்லைத் தேடித்தானே அந்த மனிதர் வைத்திருக்கிறார்!

அவர் காலத்திலேயே, திருக்குறளுக்கு உரை எழுதிய திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார். முதலில் இஸ்லாத்திலிருந்து வெளியே இழுத்து வந்து, விபூதி பூசிவிட்டா பாடினார்? இல்லையே. முஸ்லிமாக இருந்த மஸ்தானைத்தான் பாடினார். உம்முடைய முகநூல்காரருக்கு அந்த நெஞ்சகலம் இல்லை. தன்னுடையவனாக்கினால்தான் அவரால் கும்பிட முடிகிறது.

நீர் சொல்லும் "எல்லாம் ஒன்றுதான்" என்பதும் இதே நோயின் சாதுவான வடிவம். ஒன்றுதான் என்றால் ஒருவரை வாசித்தால் போதும், மற்றவரை மூடிவைக்கலாம். அப்படியா? அப்பர் பாடும்போது அவன் நாமம் கேட்டுப் பித்தாகி வீட்டை மறந்து போகிறவள் ஒரு பெண். நம்முடைய பக்தியில் உயிர்தான் பெண், இறைவன் நாயகன். குணங்குடியாரின் மனோன்மணிக் கண்ணியில் அது தலைகீழ். தேடி அலைகிறவர் ஆண், தேடப்படுகிற பரம்பொருள் பெண். அரபுக் காதல் கதையில் லைலாவைத் தேடி மஜ்னூன் அலைந்த வழியில் வந்த பார்வை அது. ஆனால் அவளுக்கு வைத்த பேர் மனோன்மணி. யோகிகளும் சித்தர்களும் புழங்கிய பேர். ஏக்கம் ஓரிடத்திலிருந்து, பேர் ஓரிடத்திலிருந்து. "ஒன்றுதான்" என்று நீர் கையைத் தட்டிவிட்டுப் போனால் இந்த வேலைப்பாடு முழுவதும் கண்ணில் படாமலே போகும்.

இதை எனக்குப் படிப்பித்தது புத்தகம் இல்லை. எங்கள் அம்மம்மா வீட்டு விறாந்தை.

எழுபதுகளின் தொடக்கம். கிண்ணியாப் பக்கமிருந்து பக்கீர் பாவா ஒருவர் வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைக்கு வருவார். பச்சைத் தலைப்பாகை, கையில் தாயிரா என்ற வட்டப் பறை, தோளில் பை. அப்போது கிண்ணியாத் துறைக்குப் பாலம் இல்லை, பாதையில்தான் கடக்க வேண்டும். (பாதை என்றால் உமக்குத் தெருவாகத்தான் தெரியும். எங்களுக்கு அது பஸ்ஸையும் ஆட்களையும் ஆடுமாட்டையும் ஒன்றாக ஏற்றிக் கரைசேர்த்த மிதவை.) படலையடியில் நின்று தாயிராவை ஒருதரம் தட்டிவிட்டு இரண்டு கண்ணி படிப்பார். அம்மம்மா சுளகில் ஒரு சுண்டு அரிசியோடு வருவாள். ஒவ்வொரு கண்ணியும் "பராபரமே" என்று முடியும். அந்த இடம் வரும்போது அம்மம்மாவின் வாயும் அசையும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் தாயுமானவரின் பராபரக்கண்ணி படிப்பித்திருந்தார்கள். மொத்தம் 389 கண்ணி, அதில் பத்து எனக்குப் பாடம். உலகமே என் கையில் என்ற நினைப்பு. ஒருநாள் பாவா படித்து முடித்ததும் முன்னுக்குப் போய் நின்று, "நீங்கள் பிழையாப் படிக்கிறியள், தாயுமானவர் இப்பிடிச் சொல்லேல்லை" என்றேன். "எல்லாரும் இன்புற்றிருக்க" என்று தொடங்கி ஒப்புவித்தும் காட்டினேன்.

அம்மம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமை கன்றியிருந்தது. பாவா கோபிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். "நல்லாத்தான் படிக்கிறீங்க மகன். ஆனா இது வேற பராபரம்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போய்விட்டார்.

அன்று இரவு அம்மம்மாவிடம் கேட்டேன். அது தாயுமானவர் இல்லை என்று அவளுக்குத் தெரியுமா? "தெரியாமல் என்ன? மஸ்தான் சாய்பு பாட்டு. அரிசி போடேக்கை பேர் கேட்டே போடுறது?" அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய பக்திமான். கோணேசர் கோயில் தேரை ஒரு வருசமும் தவறவிட்டதில்லை. தர்காவில் நடக்கும் கந்தூரி விழாவுக்கு எண்ணெயும் அனுப்புவாள், அங்கே பங்கிடும் நார்சாச் சோறு வந்தால் எங்களுக்குப் பிரித்துத் தருவாள். நல்லிணக்கம் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள்.

கண்ணி என்பது என்ன வடிவம் என்று யோசித்துப் பார்த்தீரா? இரண்டே அடி. முன்னுக்குப் பின் தேவையில்லை, எந்த இடத்திலும் தொடங்கலாம், எந்த இடத்திலும் விடலாம். ஒரு படலைக்கு இரண்டு கண்ணி என்றால் ஒழுங்கை முடியுமுன் இருபது கண்ணி ஆகிவிடும். முழுவதும் பாடமில்லாதவர்களுக்கும் முடிவுச் சொல் பாடம். அந்தச் சொல்லில் எவரும் ஏறிக்கொள்ளலாம், பாதையில் ஏறுவதுபோல. தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டில் அந்த வடிவத்தில் பாடி இராமநாதபுரத்தில் அடங்கினார். அதே இராமநாதபுரச் சீமையில் பிறந்த குணங்குடியார் அந்த வடிவத்தையும் "பராபரமே" என்ற முடிவையும் எடுத்துக்கொண்டு தன் நெருப்பைப் பாடினார். இன்னொரு கண்ணியை "றகுமானே" என்று முடித்தார். இதைச் சமரசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. சமரசம் சண்டை பிடித்தவர்கள் செய்வது. இது ஒரு பாட்டுக்காரன் இன்னொரு பாட்டுக்காரனின் மெட்டைக் கேட்டு, "அட, இதில் என்னுடையதும் ஏறுமே" என்று கண்டுகொண்டது. அவர் நல்லிணக்கத்துக்காகப் பாடவில்லை. வேகுது என்று பாடினார். கையில் இருந்த தமிழில் பாடினார்.

திருமலைக்காரருக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை. சம்பந்தர் இங்கே வந்ததில்லை. இராமேச்சுரத்தில் நின்றபடி பாடினார் என்று சேக்கிழார் சொல்கிறார். கடல் முத்தைக் கொழித்து ஒதுக்கும் இடம் என்று காணாத ஊரைக் கண்டு, பாட்டுக்குப் பாட்டு "கோணமா மலையமர்ந்தாரே" என்று முடித்தார். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கல்லெல்லாம் கோட்டைக்குப் போனது. புதுக் கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் 341 வருசம். அந்தக் காலத்தில் மலை விளிம்பில் நின்று கடலுக்குப் பூவும் தேங்காயும் எறிந்து பூசை செய்ததை 19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கல் இல்லை, கோபுரம் இல்லை, முடிவடி இருந்தது. நீர் பிறந்தபோது கோயில் இருந்தது, அதனால் பதிகத்தை ஒலிபெருக்கிக்கு விட்டுவிட்டீர்.

பக்கீர் பாவா கடைசியாக எப்போது வந்தார் என்று எனக்குத் திகதி ஞாபகமில்லை. 1985க்குப் பிறகு வரவில்லை. எப்படி வருவார்? ஒழுங்கைக்கு ஒழுங்கை சோதனை, துறைக்குத் துறை பயம், இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கத்தாரைக் கண்டால் சந்தேகம். சில வியாழன்கள் அம்மம்மா அரிசியை அளந்து சுளகில் வைத்திருந்தாள். பிறகு அதுவும் நின்றது. இன்று கிண்ணியாப் பக்கம் இளம் ஆட்கள் சிலருக்குக் கந்தூரியும் கொடியேற்றமும் பிடிப்பதில்லையாம். அது அவர்களுக்குள்ளான வழக்கு, நான் மூக்கை நுழைக்கமாட்டேன். எங்கள் பக்கம் மட்டும் என்ன திறம்? தாயுமானவர் கலண்டரில் ஒரு வரியாக நிற்கிறார், அவ்வளவுதான். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை வருசத்தில் ஓர் இரவு விடிய விடிய ஊர்கூடிப் பாடுகிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்.

போன மாதம் கிண்ணியாவுக்குப் போனேன். 2009இல் கட்டிய பாலம், கண்மூடித் திறக்குமுன் அக்கரை. சந்தைப் பக்கம் ஒரு தேத்தண்ணீர்க் கடை. முதலாளிக்கு எண்பது வயது இருக்கும். பக்கீர் பாவாமார் படிக்கும் கண்ணி ஏதும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். அதே தாளம், தம்பி. முதலடி வந்தது. இரண்டாம் அடியில் தடக்கி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. அடியை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணைத் திறந்தார். "அது ஒங்கட ஆள்ர, சேர். நம்மட ஆள் வேற மாதிரிச் சொல்லுவார்" என்று சிரித்தார். அறுபது வயது கடந்தும் அதே பிழை. கிள்ள அம்மம்மாதான் இல்லை.

இரவு பத்து மணிக்கு அவருடைய பேரன் தொலைபேசி எடுத்தான். "மூத்தாப்பாக்குக் கெடச்சிட்டாம்" என்று சொல்லிக் கிழவனிடம் கொடுத்தான். முழுக் கண்ணியையும் இரண்டுதரம் படித்தார். "பராபரமே" வரும்போது அந்தப் பக்கத்தில் பேரனின் குரலும் கேட்டது.

அதை இங்கே எழுதமாட்டேன், நீர் வெட்டிக் கூட்டத்தில் ஒட்டிவிடுவீர். ஒருநாள் பின்னேரம் பாலத்தைக் கடந்து போய்க் கேளும். வெள்ளி மத்தியானம் போகவேண்டாம், கடை பூட்டு.