சோற்றை விடாமல் உடம்பைக் குறைக்க முடியுமா?

கேள்வி: "திருவாரூர் பக்கம் ஊர். வயது 34, உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. தை மாதம் தங்கை கல்யாணம். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, 15 கிலோ குறைக்க வேண்டும். சோற்றை அடியோடு நிறுத்தினால்தான் முடியும் என்கிறார்கள். உண்மையா?"

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்த வேண்டியது அந்த 15 கிலோ கணக்கை.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். 15 கிலோவை 90 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், தினமும் 1,280 கலோரி வரும். உட்கார்ந்த வேலைக்காரருக்கு அது ஒரு நாள் தேவையில் பாதிக்கும் மேல். அப்படிப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும், பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு உண்டு. கல்யாணம் முடிந்த கையோடு எல்லாம் திரும்ப ஏறிவிடும். "ஒரே வாரத்தில் நாலு கிலோ" என்று பவுடர் விற்பவர்கள் காட்டுவதில் பெரும்பகுதி தண்ணீர்.

வாரத்துக்கு அரை கிலோ போதும். தைக்குள் ஐந்தாறு கிலோ குறையும், சட்டை தளரும். உங்கள் எடையில் பத்து சதவீதம், அதாவது எட்டு கிலோ சொச்சம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியும். முதல் இலக்காக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சோற்று விஷயம். நான் மன்னார்குடியில் உரக்கடை நடத்துகிறேன், எனக்கும் நாற்காலி வேலைதான். எங்கள் அப்பா காலையில் அண்டை (வயல் வரப்போரம்) வெட்டப் போனால் மத்தியானம் வரை சேற்றில் நிற்பார். வந்து சாப்பிடுகிற சோறு அந்த வேலைக்குச் சரியாகப் போகும். இப்போது நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், வயலைப் பார்த்துவர பைக். வேலை போய்விட்டது, தட்டின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. டெல்டாவில் தொப்பை பெருத்ததற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம்.

நம்மூர்ச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சாம்பாருக்கு ஒரு தரம் சோறு. வத்தக்குழம்பு இருந்தால் அதற்கு ஒரு தரம். அப்புறம் ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. ஒவ்வொரு தரமும் "கொஞ்சம்தான்" என்றுதான் போட்டுக்கொள்கிறோம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. நாலு தரம் சேர்ந்தால் ஒரே வேளையில் 200 கிராம் அரிசியைத் தாண்டுவது சர்வசாதாரணம். நான் செய்தது இவ்வளவுதான்: சோறு குழம்புக்கு மட்டும், ஒரே தரம். ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுவேன். சாப்பாட்டின் வரிசை மாறவில்லை, ருசியும் குறையவில்லை, அரிசி பாதியாகிவிட்டது. சோறு விட்ட இடத்தில் கீரை, வாழைத்தண்டு, புடலங்காய், அவரை என்று பொரியலோ கூட்டோ இரண்டு பங்கு. வீட்டில் முதலில் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள், பிறகு பழகிவிட்டது.

காய் மட்டும் போட்டால் நாலு மணிக்கே பசிக்கும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியைக் குழம்பாக வையுங்கள். வறுத்தால் எண்ணெய்க் கணக்கு தனியாக ஏறும், ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி.

மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம் பற்றியும் கேட்பீர்கள். நல்ல அரிசி, நார்ச்சத்து கூடுதல், மென்று தின்பதால் சீக்கிரம் நிறையும். ஆனால் கலோரி வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். பாரம்பரிய அரிசி என்று குவித்துச் சாப்பிட்டால் எடை பாரம்பரியமாகவே ஏறும். பழைய சோறும் அப்படித்தான், அளவோடு இருந்தால் நல்ல காலை உணவு.

காபியை மறந்துவிடாதீர்கள். கும்பகோணம் டிகிரி காபியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு காபி, ஒரு ஸ்பூன் என்று இறங்குங்கள். காபியோடு வரும் மாலை பஜ்ஜியை வாரம் ஒரு நாளாக்குங்கள்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். நான் ஹரித்ரா நதிக் குளத்தைச் சுற்றி நடப்பேன், ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் சேறாகும்போதுதான் நம்மில் பாதிப் பேர் நடையை விடுகிறோம். உங்கள் பக்கம் திருவாரூர் தியாகராஜர் கோயில் பிராகாரமே போதுமே, மழை விட்ட நேரத்தில் நடக்கலாம். ஆனால் நடந்துவிட்டோம் என்று டீக்கடையில் ஒதுங்காதீர்கள். அரை மணி வேக நடையில் கரைவது 150 கலோரி போல, ஒன்றிரண்டு வடையில் அது திரும்ப வந்துவிடும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளித் தண்டால் எடுப்பது என்று சதைக்கும் வேலை கொடுங்கள்.

எடையை வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். கூடவே இடுப்பையும் டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எடை நகராத வாரங்களில் டேப் நகர்ந்திருக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சோற்றைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மூன்று மாதம் முள் அசையவில்லை என்றால் தைராய்டு டெஸ்ட் ஒன்று எடுத்துப் பாருங்கள்.